21 வளைவுகளும் காலி அறைகளும்

1952 மார்ச். பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரு மலைப்பாதை. இரு பக்கமும் ஒதுக்கிக் குவித்த பனி. நடுவே ஒரு சின்ன பனார் கார் திணறிக்கொண்டு ஏறுகிறது. ஓட்டிப் போனவர் வெர்மெலிங்கர், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் அதிகாரி. ஜூலை மாதம் இதே வழியில் நூற்றுச் சொச்சம் பேர் சைக்கிளில் ஏறி வர முடியுமா என்று பார்த்துப்போக வந்திருந்தார். அவரை வரச்சொன்னவர்கள் மேலே ஓட்டல் வைத்திருந்தவர்கள்.

ஆல்ப் துவேஸ் என்ற ஊரின் கதையை இந்த இடத்தில் தொடங்குவதுதான் சரி. இன்று சைக்கிள் பந்தயம் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பெயர் கோயில் மாதிரி. 21 கொண்டை ஊசி வளைவுகள், லட்சக்கணக்கில் கூட்டம், புகை, கொடி, பாட்டு. ஜூலையில் நம்மூர் இரவு எட்டரை மணிவாக்கில் அங்கே சாயங்கால வெயிலில் ஓட்டம் முடியும். தொலைக்காட்சியில் பார்க்கும்போது, இந்த மலை சைக்கிளுக்காகவே படைக்கப்பட்டது போலத் தோன்றும். உண்மையில் அது பனிச்சறுக்கு ஊர். கோடையில் ஆள் வராத அறைகளை நிரப்ப என்ன செய்யலாம் என்று சில வியாபாரிகள் யோசித்ததில் வந்ததுதான் சைக்கிள்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘ஆல்ப்’ என்றால் அந்தப் பக்கத்து வழக்கில் உயரத்திலுள்ள மேய்ச்சல் நிலம். ஆல்ப் துவேஸ் என்றால் உவேஸ் கிராமத்தின் மேய்ச்சல் வெளி. கோடையில் மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே போவார்கள், குளிர் வந்ததும் இறங்கிவிடுவார்கள். அதற்கும் முன்னால், 12-ஆம் நூற்றாண்டு முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை, பக்கத்திலேயே பிராந்த் என்ற இடத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்தது. 1,800 மீட்டர் உயரத்தில் ஒரு முழு ஊரே இருந்திருக்கிறது. அதன் சிதைவுகளை இன்றும் பார்க்கலாம். வெள்ளி தீர்ந்ததோ, செலவு கட்டவில்லையோ, ஊர் கலைந்தது. பிறகு பல நூறு வருடம் மாடுகள்தான்.

குளிர்காலத்தில் அங்கே ஆள் வரத் தொடங்கியது 1930-களில். 1936-இல் பனிச்சறுக்கு நிலையம் திறந்தது. சறுக்கி இறங்கியவர்களை மறுபடி மேலே இழுத்துக்கொண்டு போகும் லிஃப்டை அங்கே போட்டவர் ழான் பொமகால்ஸ்கி. பின்னாளில் அவர் பெயரிலேயே வளர்ந்த நிறுவனம் உலகமெங்கும் ரோப் கார் கட்டுகிறது. காஷ்மீரில் குல்மார்க் போனவர்கள் ஏறியதும் அவர்கள் கட்டியதில்தான்.

சரி, ஓட்டல்காரர்களிடம் வருவோம். மலை ஊரில் ஓட்டல் நடத்துவதில் உள்ள கஷ்டம் எளிது: டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அறை கிடைக்காது, மே முதல் நவம்பர் வரை அறைக்கு ஆள் கிடைக்காது. வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும். ‘கிறிஸ்டினா’ ஓட்டலின் முதலாளி ழோர்ழ் ராழோனும், உள்ளூர் ஓவியர் ழான் பார்பாலியாவும், இன்னும் சிலரும் சேர்ந்து டூர் டி பிரான்ஸை மேலே கூட்டிவரத் திட்டம் போட்டார்கள். அதுவரை டூர் மலைகளில் ஏறியிருக்கிறது. ஆனால் ஏறிய வீரர்கள் மறுபக்கம் இறங்கி, பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு நகரத்தில்தான் ஓட்டத்தை முடிப்பார்கள். மலை உச்சியிலேயே முடிப்பது என்ற யோசனை டூருக்குப் புதிது.

1952 ஜூலை 4. சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து 266 கிலோமீட்டர் ஓட்டி வந்த வீரர்கள் மலையடிவாரத்திலுள்ள பூர் துவாசானில் திரும்பி ஏறத் தொடங்கினார்கள். கடைசிவரை கூட வந்த பிரெஞ்சு வீரர் ழான் ரோபிக்கை உதறிவிட்டுத் தனியாக மேலே வந்து சேர்ந்தார் இத்தாலியின் ஃபாஸ்டோ கோப்பி. அதுவரை ஓடிய நாட்களின் மொத்த நேரத்தில் முன்னால் நிற்பவர் போடும் மஞ்சள் ஜெர்சியும் அன்றே அவருக்கு. அந்த வருடம் டூரில் மொத்தம் மூன்று உச்சி முடிவுகள்: ஆல்ப் துவேஸ், இத்தாலியிலிருக்கும் செஸ்த்ரியேரே, மத்திய பிரான்சின் புய் தெ தோம் எரிமலை. மூன்றையும் கோப்பியே ஜெயித்தார். பாரிஸ் வந்தபோது இரண்டாவது ஆளைவிட 28 நிமிடம் முன்னால். பந்தயத்தில் ஏதாவது சுவாரசியம் மிச்சமிருக்கட்டும் என்று நடுவிலேயே இரண்டாம் இடத்துக்கான பரிசுப் பணத்தை இரட்டிப்பாக்கவேண்டியிருந்தது அமைப்பாளர்களுக்கு.

செஸ்த்ரியேரேயும் பனிச்சறுக்கு ஊர்தான். ஃபியட் கார் கம்பெனியின் அன்யெல்லி குடும்பம் 1930-களில் உருவாக்கியது. ஆக, மூன்றில் இரண்டு சறுக்கு நிலையங்கள். ஆனால் ஆல்ப் துவேஸ்காரர்கள் போட்ட கணக்கு உடனே பலிக்கவில்லை. டூர் அங்கே திரும்ப வர 24 வருடம் ஆனது. 1976-இல் வந்ததற்கும் பின்னால் நின்றவர் அதே ராழோன். அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது; 1970-களின் கடைசியிலும் 80-களிலும் டூர் ஆல்ப் துவேஸ் ஏறாத வருடங்கள்தான் குறைவு. 1979-இல் அடுத்தடுத்த இரண்டு நாளும் அங்கேயே முடித்தார்கள்.

ஏன் சறுக்கு நிலையம்? பார்வைக்கு இதைவிட அழகான கணவாய்கள் ஆல்ப்ஸில் நிறைய. கலிபியே கணவாய் 2,642 மீட்டர். பார்த்தால் மூச்சு நின்றுபோகும். ஆனால் அங்கே ஓட்டத்தை முடிக்க இடம் கிடையாது. 2011-இல் ஒரு தடவை முடித்தார்கள், பெரும்பாடு பட்டு. டூர் என்பது ஒரு சைக்கிள் பந்தயம் மட்டும் என்றால் பரவாயில்லை; அது ஆயிரக்கணக்கான ஆட்களோடு தினம் ஒரு ஊர் மாறும் ஜாத்திரை. அணிகளின் பஸ்கள், ஒளிபரப்பு வண்டிகள், மேடை, தடுப்புக் கம்பிகள், போலீஸ், விளம்பர வண்டிகள், செய்தியாளர்கள். இவ்வளவு பேரும் நிற்க, சாப்பிட, தூங்க இடம் வேண்டும். மலை உச்சியில் இதெல்லாம் எங்கே இருக்கும்? ஆயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே நிரந்தரமாகக் குடியிருக்கும் ஊரில், பல்லாயிரம் பேர் தங்குவதற்கான படுக்கைகள், காலியாகக் கிடக்கும் பெரிய பெரிய பார்க்கிங் திடல்கள், தாராளமான மின்சாரம். போதாததற்கு, சாலையை அடைத்துவிட்டாலும் ஆட்களை ஏற்றி இறக்க ரோப் கார். சறுக்கு நிலையம் குளிர்காலத்துக்காகச் சேர்த்துவைத்த அத்தனையும் ஜூலையில் சும்மா கிடக்கிறது. பந்தயக்காரர்களுக்கு வேண்டியதும் அதுவே.

பிரெஞ்சு அரசாங்கம் 1960-களில் ‘பனித் திட்டம்’ என்று ஒன்று தொடங்கி, யாருமே குடியிருக்காத உயரங்களில் புத்தம் புது சறுக்கு நிலையங்களைக் கட்டவைத்தது. லா பிளான்யே, அவோரியாஸ், இசோலா 2000, லெ மெனுயிர் எல்லாம் அந்தக் காலத்து வரவு. கான்கிரீட் அடுக்குமாடிகளை மலைமேல் கொண்டுபோய் வைத்த மாதிரி இருக்கும். அழகென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டூரில் இந்தப் பெயர்களெல்லாம் திரும்பத் திரும்ப வருவதற்கும் காரணம் மேலே சொன்னதுதான். பந்தயம் தங்கள் ஊரில் முடிய வேண்டுமென்றால் டூரை நடத்தும் நிறுவனத்துக்கு ஊர் பணம் கட்ட வேண்டும். சறுக்கு நிலையங்கள் கட்டத் தயங்குவதில்லை. ஹெலிகாப்டரிலிருந்து மூன்று மணி நேரம் உலகத்துக்கே காட்டப்படும் விளம்பரம் அது.

இதில் பந்தயத்துக்கும் ஒரு விளைவு உண்டு, அதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சறுக்கு நிலையத்துக்குப் போகும் சாலையில் ஜனவரி மாதம் பயணிகளை ஏற்றிய பஸ் வழுக்காமல் ஏற வேண்டும். அதனால் சாலை அகலமாக இருக்கும், வளைவுகள் விசாலமாக இருக்கும், சாய்வு ஒரே சீராக இருக்கும். ஆட்டுப்பாதையைத் தார் போட்டு அகலமாக்கியது போன்ற மலைகள், ஸ்பெயினின் அங்கிலிரு மாதிரி, இப்படி இருக்காது. திடீரென்று சுவர் மாதிரி நிமிரும், திடீரென்று சாயும். சீரான சாய்வில் வலுவான அணி ஒன்று முன்னால் நின்று ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போனால் பின்னால் இருப்பவர்களால் எகிற முடியாது. சறுக்கு நிலைய ஏற்றங்கள் சில நேரம் கொட்டாவி விடவைப்பது இதனால்தான்.

ஆல்ப் துவேஸ் அவ்வளவு சாதுவான ஏற்றம் இல்லை. 13.8 கிலோமீட்டர் தூரம், சராசரி 8.1 சதவீதச் சாய்வு. அதாவது நூறு மீட்டர் ஓட்டினால் எட்டு மீட்டர் உயரம். மொத்தம் 1,100 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். மிகக் கொடுமையான பகுதி தொடக்கத்திலேயே வந்துவிடும்: பூர் துவாசானின் சமவெளியில் வேகமாக வந்து இடது பக்கம் திரும்பியதும் பத்து சதவீதத்தை ஒட்டிய நேர் சாலை, முதல் வளைவு வரும்வரை மூச்சு வாங்க இடமில்லை. வளைவுகள்தான் இளைப்பாறும் இடம். திரும்பும் அந்தப் பத்திருபது மீட்டர் கிட்டத்தட்ட சமதளம். நல்ல வீரர் 40 நிமிடத்தில் மேலே போய்விடுவார், மணிக்கு ஏறக்குறைய 21 கிலோமீட்டர் வேகம். உடல் எடையில் கிலோவுக்கு ஆறு வாட் சக்தியை நாற்பது நிமிடம் விடாமல் கொடுத்தால்தான் இது நடக்கும். வார இறுதியில் ஓட்டும் சாதாரண ஆளுக்கு ஒன்றரை மணி நேரமாகலாம். நடுவில் இறங்கித் தள்ளினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

மிகக் குறைந்த நேரங்கள் இத்தாலியின் மார்கோ பன்டானி பெயரில், 1990-களின் நடுவில், 37 நிமிடத்தை ஒட்டி. அது சைக்கிள் உலகமே ஊக்கமருந்தில் மூழ்கியிருந்த காலம். அந்த எண்களை நான் ரசித்துப் பார்த்ததுண்டு, நம்பிப் பார்த்ததில்லை.

வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக 21, 20, 19 என்று இறங்குவரிசையில் எண். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பலகை, அதில் அங்கே ஜெயித்தவரின் பெயர். 21-இல் கோப்பி. 1999-இல் ஜெயித்த இத்தாலியர் குவெரினிக்கு 1-ஆம் வளைவு கிடைத்தபோது பலகைகள் தீர்ந்துபோயின. 2001-இல் மறுபடி கீழிருந்து ஆரம்பித்து, கோப்பியின் பலகையில் இரண்டாவது பெயராக எழுதப்பட்டவர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங். பின்னால் ஊக்கமருந்துக்காக அவருடைய டூர் பட்டங்கள் எல்லாம் பறிக்கப்பட்டது தெரிந்த கதை. குவெரினியின் வெற்றியும் சாதாரணமானதில்லை: கடைசிக் கிலோமீட்டரில் தனியாக வந்துகொண்டிருந்தவரை, நடுரோட்டில் நின்று படம் எடுத்த ரசிகர் ஒருவர் இடித்துக் கீழே தள்ளிவிட்டார். எழுந்து, ஏறி, ஜெயித்தார். 2018-இல் இன்னொரு இத்தாலியர் நிபாலிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒரு கேமரா வாரில் சிக்கி விழுந்ததில் முதுகெலும்பில் முறிவு, டூரை விட்டே போக வேண்டியதாயிற்று.

இந்த மலைக்கு ‘டச்சுக்காரர்களின் மலை’ என்று இன்னொரு பெயர். முதல் 14 முடிவுகளில் 8 நெதர்லாந்துக்காரர்களுடையது: ஸூட்டமெல்க் இரண்டு, குய்பர் இரண்டு, வின்னன் இரண்டு, ரூக்ஸ் ஒன்று, தெயுனிஸ ஒன்று. தட்டையான நாட்டிலிருந்து வந்தவர்கள் மலையில் ஜெயித்துக்கொண்டே இருந்தால் எந்த ஊருக்குத்தான் பெருமை தாங்கும்? மேலே இருந்த தேவாலயத்தின் பாதிரியாரும் டச்சுக்காரர், யாப் ராய்டன்; தன் நாட்டவர் ஜெயிக்கும்போதெல்லாம் ஆலய மணியை அடிப்பாராம். 7-ஆம் வளைவு ‘டச்சு முனை’ ஆயிற்று. ஆரஞ்சு நிறச் சட்டைகள், பீர், ஒலிபெருக்கி; பந்தயத்துக்குப் பல நாள் முன்பே வேன்களில் வந்து இடம் பிடித்துவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வளைவின் பலகையில் இருப்பது இத்தாலியர் பூன்யோவின் பெயர். 1989-க்குப் பிறகு டச்சு ஆண்கள் யாரும் டூரில் அங்கே ஜெயிக்கவில்லை. கூட்டம் மட்டும் குறையவே இல்லை. 2006 முதல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, ஜூன் மாதத்தில் ஆயிரக்கணக்கான டச்சுக்காரர்கள் வந்து ஒரே நாளில் ஆறு தடவை வரை மலையேறுகிறார்கள். நிகழ்ச்சியின் பெயர் ‘ஆல்ப் து ஸெஸ்’, அதிலேயே ஒரு சிலேடை: டச்சு மொழியில் ‘ஸெஸ்’ என்றால் ஆறு.

அந்த எட்டு டச்சு வெற்றிகளில் ஒன்று கொஞ்சம் அசிங்கமான வழியில் வந்தது. 1978-இல் முதலில் மேலே வந்தவர் பெல்ஜியத்தின் பொலென்டியே; மஞ்சள் ஜெர்சியும் வாங்கிவிட்டார். ஊக்கமருந்துச் சோதனைக்குப் போன இடத்தில் சட்டையைத் தூக்கச் சொன்னபோது, அக்குளில் ஒரு ரப்பர் குமிழ், அதிலிருந்து கீழே ஓடும் குழாய், உள்ளே வேறு யாருடைய சிறுநீரோ. அவரை வெளியே அனுப்பி, வெற்றியைக் குய்பருக்குக் கொடுத்தார்கள். 18-ஆம் வளைவில் இருப்பது குய்பர் பெயர்தான்.

என் கருத்தைக் கேட்டால், ஆல்ப் துவேஸின் புகழுக்கு ஈடான பந்தயங்கள் அங்கே பாதிகூட நடக்கவில்லை. எல்லோரும் எடுத்துப் போடும் 1986-ஆம் ஆண்டுப் படம் இருக்கிறதே, இனோவும் லெமாண்டும் சிரித்துக்கொண்டே கைகோத்துக் கோட்டைத் தாண்டுவது. அது பந்தயம் அல்ல, ஒரே அணிக்குள் அடித்துக்கொண்டிருந்த இருவர் கேமராவுக்காகச் செய்துகொண்ட சமாதானம். மஞ்சள் ஜெர்சி போட்டிருந்த லெமாண்ட், கோட்டை முதலில் தாண்ட இனோவுக்கு வழிவிட்டார். அதைவிட எனக்குப் பெரிது 1984: தொழில்முறை வீரர்கூட இல்லாத லூச்சோ எரேரா எல்லோரையும் பின்னால் விட்டு வந்து, கொலம்பியாவுக்கு டூரில் முதல் ஒருநாள் வெற்றியை வாங்கிக் கொடுத்தது. அப்புறம் 2024 ஆகஸ்ட் 18, பெண்களுக்கான டூரின் கடைசி நாள். நெதர்லாந்தின் டெமி வொல்லரிங் முதலில் வந்து சேர்ந்தார், ஆனால் நடுவில் ஒருநாள் விழுந்து இழந்த நேரத்தை முழுக்கப் பிடிக்க முடியவில்லை. ஏழு நாளில் எட்டு ஓட்டமாக நடந்த பந்தயத்தில் போலந்தின் காசியா நியெவியாடோமா ஜெயித்தது 4 விநாடியில். டூரின் வரலாற்றிலேயே, ஆண், பெண் இரண்டிலும், இதுதான் மிகக் குறுகிய வித்தியாசம். டச்சு முனையில் அன்று இரண்டு மனநிலையும் இருந்திருக்கும்.

அந்த மலைச்சரிவு தெற்கு பார்த்தது. ‘வெயில் தீவு’ என்பது ஊரின் பழைய விளம்பரப் பெயர். சறுக்க வருகிறவனுக்கும் வெயில் பிடிக்கும், ஓட்டல் மொட்டை மாடியில் காப்பி குடிக்கிறவனுக்கும் பிடிக்கும். அந்த வெயில் ஒரு தடவை காலை வாரியது. 1968-இல் கிரெனோபிள் நகரில் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தபோது பாப்ஸ்லே எனும் பனிவண்டிப் போட்டியை ஆல்ப் துவேஸுக்குக் கொடுத்தார்கள். வெயில் பட்டுப் பனித்தடம் உருகியது. விடிவதற்கு முன்னால், இருட்டில், வண்டிகளை விடவேண்டியிருந்தது. நான்கு சுற்று ஓடவேண்டிய நால்வர் போட்டியை இரண்டே சுற்றோடு முடித்துக்கொண்டார்கள். தங்கம் இரண்டையும் 40 வயது இத்தாலியர் மோன்டி அள்ளிப்போனார்.

அன்று ஒரு வார வேடிக்கையாக இருந்தது இன்று தொழில் கவலை. ஊருக்கு மேலே 3,330 மீட்டரில் பிக் பிளான் சிகரம். அங்கிருந்து தொடங்கும் சாரென் சறுக்குப்பாதை 16 கிலோமீட்டர். பக்கத்தில் அதே பெயருள்ள பனியாறு, 1949 முதல் ஆண்டுதோறும் அளக்கப்பட்டு வந்தது, சுருங்கிச் சுருங்கி ஏறத்தாழ இல்லாமலே போய்விட்டது. இவ்வளவு உயரமுள்ள ஊருக்குப் பனி இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்கும். செயற்கைப் பனி பீய்ச்சும் இயந்திரங்களும் உண்டு. தாழ்வான ஊர்களுக்கு அதுவும் இல்லை. ஜூரா மலைத்தொடரிலுள்ள மெத்தாபியே, சறுக்குத் தொழிலை எப்போது, எப்படி மூடுவது என்றே திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. ராழோனுக்கு சைக்கிள் கோடைக்கான உபதொழில். இப்போதைய மலை ஊர்களின் கணக்குப் புத்தகத்தில் அந்தப் பக்கம் மெல்ல மெல்ல நீண்டுகொண்டே வருகிறது. டூர் வராத நாளிலும் கோடை முழுக்க அந்தச் சாலையில் சைக்கிள் ஓயாது. வளைவுகளில் நின்று உங்களைப் படமெடுத்து உங்களிடமே விற்பதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள். 1982 முதல் நடக்கும் ‘மார்மோட்’ என்ற அமெச்சூர் ஓட்டம் கிளாண்டோன், தெலெகிராஃப், கலிபியே மூன்றையும் தாண்டி, கடைசியில் இந்த மலையேறித்தான் முடியும். 2026 டூருக்கு அறிவித்த பாதையிலும், 1979 போல, அடுத்தடுத்த இரண்டு நாள் ஆல்ப் துவேஸ்.

ஜூலையில் அங்கே இன்னொரு பந்தயமும் உண்டு, 1995 முதல். பெயர் மெகாவலாஞ்ச், ‘மாபெரும் பனிச்சரிவு’. இது ஏறும் பந்தயம் இல்லை. மவுண்டன் பைக்குகளை ரோப் காரில் ஏற்றி பிக் பிளான் சிகரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். உச்சிப் பனியில் நூற்றுக்கணக்கான சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். கொடி அசைந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, புரண்டு, குளிர்காலத்தில் சறுக்குகிறவர்கள் இறங்கும் அதே சரிவில் இறங்கி, உச்சியைவிட 2,600 மீட்டர் தாழ்வில் இருக்கும் அல்மோன் கிராமத்துக்குப் போய்ச் சேரும். பனி குறைந்த வருடங்களில், சக்கரத்துக்கு அடியில் வழுக்குவதற்குப் பதிலாகச் சரளைக்கல் தெறிக்கும்.